புழல் ஏரியில் இறங்கிய குண்டுவீச்சு விமானம்

சென்னீர்குப்பத்திலிருந்து மதுரவாயலுக்குப் போய், பைபாஸில் ஏறி வடக்கே திரும்பினால் அம்பத்தூரைத் தாண்டியதும் புழல். பெயரைக் கேட்டதும் சென்னைக்காரர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும்: ஒன்று குடிநீர், இன்னொன்று ஜெயில். 1942 ஜூலை முதல் போர் முடியும்வரை புழலுக்கு மூன்றாவதாக ஒரு வேலையும் இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படை அந்த ஏரியைத் தளமாக வைத்திருந்தது. ஆவணங்களில் அதற்கு ‘ரெட்ஹில்ஸ் லேக்’ என்று பெயர். ஓடுதளம் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. கேட்டலீனா என்கிற இரட்டை எஞ்சின் விமானங்கள் ஏரித் தண்ணீரிலேயே ஓடி எழும்பி, வங்கக் கடலை மணிக்கணக்கில் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, திரும்பி வந்து தண்ணீரிலேயே இறங்கின.

இங்கே வந்து தங்கிய 240ஆவது ஸ்குவாட்ரனுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய வேட்டையில் பங்கு உண்டு. 1941 மே 26ஆம் தேதி, அட்லாண்டிக்கில் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தப்பிக்கொண்டிருந்த ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைக் கண்டுபிடித்தது 209ஆவது ஸ்குவாட்ரனின் கேட்டலீனா. அது கப்பலின் குண்டடி பட்டு விலகியபின், பின்தொடரும் வேலையை எடுத்துக்கொண்டது 240இன் கேட்டலீனா. மறுநாள் பிஸ்மார்க் மூழ்கியது. அப்படிப்பட்ட ஸ்குவாட்ரன் மறு வருஷமே சென்னையின் குடிநீர் ஏரியில் நங்கூரம் போட்டிருந்தது.

கேட்டலீனாவுக்கு அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த குறியீடு பி.பி.ஒய். முதல் இரண்டு எழுத்துக்கும் ரோந்துக் குண்டுவீச்சு விமானம் என்று அர்த்தம். ஒய் என்பது கன்சாலிடேட்டட் கம்பெனிக்கான எழுத்து. இறக்கைக்கு அடியில் ஏறக்குறைய 1,800 கிலோ வரை குண்டுகளையோ நீர்மூழ்கிகளுக்கான வெடிகளையோ சுமந்து போகலாம். ஆனால் குண்டுவீச்சு விமானம் என்றதும் நம் மனதில் எழும் சித்திரத்துக்கு இது துளியும் பொருந்தாது. 1935இல் முதன்முதலாகப் பறந்தபோது நவீனமாகத்தான் இருந்தது. போர் மூண்டபோது பழசாகிவிட்டிருந்தது. முழு வேகத்தில் விரட்டினாலும் மணிக்கு 300 கிலோமீட்டர் தொடுவதே பெரும்பாடு. வழக்கமான ரோந்து வேகம் 200 சொச்சம். எதிரே வரும் போர் விமானங்களோ அதைப்போல இரண்டரை மடங்கு வேகம். அப்படியும் இதை 3,000க்கு மேல் கட்டினார்கள் என்றால் காரணம் இருக்கத்தானே வேண்டும்.

காரணம் அதன் இறக்கையில் இருக்கிறது. ஒரு நுனிக்கும் மறு நுனிக்கும் இடையே 104 அடி, ஏறக்குறைய 32 மீட்டர். உடலின் நீளம் 20 மீட்டர்கூட இல்லை. விமானம் காற்றோடு இரண்டு விதமாக மல்லுக்கட்டுகிறது. உடலைக் காற்றுக்குள் திணித்துக்கொண்டு போவதற்கு ஒரு விலை. இது வேகம் கூடக்கூட மளமளவென்று ஏறும். எடையைத் தூக்கி நிறுத்துவதற்கு இன்னொரு விலை. இது மெதுவாகப் போகும்போதுதான் அதிகம். ஏனென்றால் இறக்கை நுனிகளில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு ஓடிச் சக்தியை விரயமாக்கும். இறக்கை நீண்டு ஒடுங்கியிருந்தால் அந்த விரயம் குறையும். ஆகவே கேட்டலீனா மெதுவாகப் போகலாம், மெதுவாகப் போவதால் பெட்ரோலைச் சிக்கனமாகக் குடிக்கலாம், சிக்கனமாகக் குடிப்பதால் நாள் முழுக்க வானில் இருக்கலாம். பெட்ரோலுக்குத் தனித் தொட்டிகூடக் கிடையாது. இறக்கையின் உலோகத் தோலுக்குள்ளேயே ஊற்றிவிட்டார்கள். தொட்டியின் எடை மிச்சம்.

இதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபின் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான விமான வழி அறுந்துபோயிற்று. குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கேட்டலீனாக்களை வைத்துக்கொண்டு பெர்த்திலிருந்து இலங்கையின் தெற்கு முனையிலுள்ள கொக்கலை ஏரிக்கு இடையில் எங்கும் நிற்காமல் பறக்கத் தொடங்கியது. 1943 ஜூலை முதல் 1945 ஜூலை வரை 271 பயணங்கள். ஏறக்குறைய 9,000 லிட்டர் பெட்ரோல், மூன்று பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவுதான் சுமக்க முடியும். கிளம்பும்போது மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு பெட்ரோல்தான். முதல் பல மணி நேரத்துக்கு ஒரு எஞ்சின் நின்றால் மற்றதால் தாக்குப்பிடிக்க முடியாது. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் பிடித்தது. ஏறிய பயணி ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்ப்பார் என்பதால் அவருக்கு அதற்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். ரேடியோவைத் தொடக்கூடாது, எதிரி மோப்பம் பிடித்துவிடுவான். நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி. அந்த ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயரையே சூட்டியிருந்தார்கள். ஸ்பைகா நம் சித்திரை, அன்டாரெஸ் நம் கேட்டை, ஆல்டேர் திருவோணம், வேகா அபிஜித். ஐந்தாவதான ரைஜலுக்கு மட்டும் நம் நட்சத்திர வரிசையில் இடமில்லை. ஜாதகக் கட்டத்தில் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் கேட்டை, இந்துமாக்கடலில் ஆளைக் கரை சேர்த்திருக்கிறது!

சரி, அத்தனை எடையோடு தண்ணீரிலிருந்து எழும்புவது எப்படி? சக்கரத்துக்குத் தரை கொடுக்கும் எதிர்ப்பு கொஞ்சம்தான். தண்ணீர் அப்படி விடாது. கேட்டலீனாவின் வயிறு படகின் அடிப்பாகம்தான். எஞ்சினை முடுக்கியதும் அது தண்ணீரைப் பிளந்துகொண்டு, மூக்கை உயர்த்தி, பெரிய அலையைத் தள்ளிக்கொண்டு போகும். வேகம் ஏற ஏறத் தண்ணீரின் இழுப்பும் ஏறும். ஒரு கட்டத்தில் இழுப்பு உச்சத்தைத் தொடும். அந்த மேட்டைத் தாண்ட எஞ்சினுக்குத் தெம்பு இல்லையென்றால் ஏரி முழுக்க ஓடினாலும் படகு படகாகவேதான் இருக்கும். தாண்டிவிட்டால் கதை மாறும். ஓட்டாஞ்சில்லைப் படுக்கையாக வீசினால் குளத்தின் மேல் தத்திப் போகிறதல்லவா, அதுபோல விமானம் தண்ணீருக்குள் அமிழாமல் அதன் மேல் வழுக்கத் தொடங்கும். இழுப்பு சட்டென்று குறைய, வேகம் தாவி ஏறும்.

அப்போதும் ஒரு சிக்கல் பாக்கி. வளைந்த பரப்பைத் தண்ணீர் ஒட்டிக்கொண்டு கீழே உறிஞ்சும். அதனால்தான் வயிற்றின் நடுவில், குறுக்குவாட்டில், படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு வைக்கிறார்கள். வேகமாக வரும் நீர் அந்தப் படியில் வளைந்து பின்தொடர முடியாமல் பிய்ந்து விலகும். இடையில் காற்று புகும். பின்பாதி வயிறு விடுபடும். உலகின் பறக்கும் படகுகள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இந்தப் படி உண்டு. பார்த்தால் ஏதோ தட்டிப்போன இடம்போலத்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் எழும்புவது பெரும்பாடு.

இன்னொரு வினோதம்: காற்று அசையாமல் ஏரி கண்ணாடிபோலக் கிடக்கும் காலைப்பொழுது இவர்களுக்கு வேண்டாத பொழுது. சிற்றலைகள் இருந்தால் காற்றுக் குமிழ்கள் புகுந்து வயிற்றைத் தண்ணீர் சீக்கிரம் விட்டுவிடும். கண்ணாடித் தண்ணீர் பிடித்த பிடியை விடாது. இறங்கும்போது அதைவிட மோசம். வானமே தண்ணீரில் தெரிவதால் நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று விமானியின் கண்ணுக்குப் பிடிபடாது. கணக்குப் பண்ணிய ஒரே சரிவில் மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, வயிறு தட்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நம் ஊர் வெயிலும் சேர்ந்து படுத்தும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சினுக்கும் தெம்பு குறையும், இறக்கைக்கும் பிடிப்பு குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். புழல் மாதிரி அகன்று கிடக்கும் ஏரி கிடைத்தால் வேறென்ன வேண்டும். கடலில் உள்ள பேரலை இல்லை, உலோகத்தை அரிக்கும் உப்பும் இல்லை.

உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். எட்டொன்பது பேர் பறப்பார்கள். இறக்கை உடலோடு நேரே ஒட்டியிருக்காது. எஞ்சினின் காற்றாடிகளில் தண்ணீர் தெறிக்காமலிருக்க அதை ஒரு குட்டிக் கோபுரத்தின் மேல் தூக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கோபுரத்துக்குள் ஒரு சின்ன இருக்கை, இரண்டு பக்கமும் சின்ன ஜன்னல். எஞ்சின்களைக் கவனிக்கும் எஞ்சினியர் அங்கேதான் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பார். கீழே முன்னால் இருக்கும் விமானிக்கும் இவருக்கும் இடையே பேச்சைவிட விளக்குத்தான் அதிகம்: விமானியின் கைப்பிடியில் உள்ள பொத்தானை அமுக்கினால் இவர் எதிரே ‘மிதவையை மடக்கு’ போன்ற உத்தரவு ஒளிரும். மிதவை என்பது தண்ணீரில் விமானம் ஒருபக்கம் சாயாமல் தாங்குவது. பறக்கும்போது அது மேலே மடங்கி இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். படுக்க பலகைகள் உண்டு, சமைக்க அடுப்பு உண்டு, படகு என்பதால் நங்கூரமும் உண்டு. முரட்டுத்தனமாக இறங்கினால் வயிற்றில் ஆணிகள் தெறித்துத் தண்ணீர் பீய்ச்சும். கைக்கு அகப்பட்ட பென்சிலை ஓட்டையில் செருகி முறிப்பது அங்கீகரிக்கப்பட்ட வைத்தியம்.

பின்பக்கத்தில் இரண்டு புறமும் பெரிய கண்ணாடிக் குமிழ்கள் புடைத்துக்கொண்டு நிற்கும். விமானத்தின் மிக முக்கியமான கருவி என்று கேட்டால் நான் எஞ்சினைச் சொல்ல மாட்டேன், இவற்றைத்தான் சொல்வேன். மெரினாவில் நிற்பவருக்கு அடிவானம் நாலரை கிலோமீட்டர் தூரத்தில். 600 மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு அது 87 கிலோமீட்டருக்கு ஓடிவிடும். மூட்டத்தில் அவ்வளவும் தெரியாது. பக்கத்துக்கு 25 கிலோமீட்டர் தெரிகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 12 மணி நேரம் பறந்தால் 50 கிலோமீட்டர் அகலத்தில் 2,400 கிலோமீட்டர் நீளம். அதாவது 1,20,000 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்டத் தமிழ்நாடு அளவுக்குக் கடல். ஒரு விமானம், ஒரு நாள், சில ஜோடிக் கண்கள்.

அந்தக் கண்களில் ஒரு ஜோடி இந்துமாக்கடலின் சரித்திரத்தில் இடம்பிடித்த நாள் 1942 ஏப்ரல் 4. புழலுக்கு விமானங்கள் வருவதற்கு மூன்று மாதம் முன்பு. கனடா விமானப்படையின் 413ஆவது ஸ்குவாட்ரன் ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லண்டு தீவுகளிலிருந்து அப்போதுதான் கொக்கலைக்கு வந்துகொண்டிருந்தது. அதன் விமானிகளில் ஒருவரான லியனார்டு பிர்ச்சல் வந்து சேர்ந்தது ஏப்ரல் 2. வயது 26. இரண்டே நாளில், விடியும் முன்னே, ஏ.ஜே. 155 என்ற எண்ணுள்ள கேட்டலீனாவைக் கிளப்பிக்கொண்டு தென்கிழக்கே போனார். ஒன்பது பேர். அவரையும் நேவிகேட்டர் ஆன்யெட்டையும் தவிர மற்ற ஏழு பேரும் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்கள்.

நடுக்கடலில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிவதே ஒரு வித்தை. திசையையும் வேகத்தையும் கடந்த நேரத்தையும் பெருக்கிக் கணக்குப் போடலாம். ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டர் குறுக்குக் காற்றைக் கவனிக்காமல் விட்டால் பத்து மணி நேரத்தில் 300 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். அதனால் நேவிகேட்டர் கோணமானியால் சூரியனின் உயரத்தை அளப்பார். விமானத்தில் அடிவானத்தை நம்ப முடியாது என்பதால் கருவிக்குள் ஒரு நீர்க்குமிழி மட்டம் காட்டும், கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பதேதான். சூரியன் ஒன்று மட்டும் கிடைத்தால் ‘இந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறாய்’ என்பதோடு சரி. இரண்டாவதாக நிலவோ நட்சத்திரமோ கிடைத்தால் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளிதான் விலாசம்.

பிர்ச்சல் கதையைச் சொல்பவர்கள் இங்கே ஒரு நிலவைக் கொண்டுவருவார்கள். திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது, நிலவு உதித்ததும் இடத்தைச் சரிபார்த்துவிடலாம் என்று நேவிகேட்டர் கேட்டார், அதற்காகக் காத்திருந்ததில்தான் எதிரி கண்ணில் பட்டான் என்று. அழகான கதைதான். பஞ்சாங்கம் ஒத்துழைக்கவில்லை. அந்த வருஷம் பங்குனிப் பௌர்ணமி ஏப்ரல் 1. ஈஸ்டர் ஏப்ரல் 5இல் வந்ததும் அந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான். மூன்று நாள் தேய்ந்த நிலவு, அஸ்தமனமாகி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் எழும். கப்பல்கள் தென்பட்டதோ மாலை நாலு மணி வாக்கில், நல்ல வெளிச்சத்தில். பல வருஷம் கழித்துச் சொல்லப்படும் கதையில் நிலவு கொஞ்சம் முன்கூட்டியே உதித்துவிடுவதை மன்னிக்கலாம்.

உறுதியாகத் தெரிவது இது: இலங்கைக்குத் தென்கிழக்கே சுமார் 600 கிலோமீட்டரில், ரோந்து முடியும் தறுவாயில், தெற்கு அடிவானத்தில் ஒரு புள்ளி. கிட்டே போகப் போகப் புள்ளிகள் பெருகின. ஜப்பானிய அட்மிரல் நாகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், கூடவே போர்க்கப்பல்கள். நாலு மாதம் முன்பு பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே படை. எத்தனை கப்பல், என்ன வகை, எந்தத் திசை, என்ன வேகம் என்று எண்ணிச் சொல்லாமல் ஓடினால் வந்த வேலை வீண். எண்ணப் போனால் திரும்ப முடியாது. பிர்ச்சல் கிட்டே போனார்.

ரேடியோக்காரர் சங்கேதமாக்கிய செய்தியைத் தட்டத் தொடங்கினார். ஜப்பானியரின் ஸீரோ போர் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. செய்தியை மூன்றாவது தடவை அனுப்பிக்கொண்டிருந்தபோது குண்டு பாய்ந்து ரேடியோ சிதறியது. உள்ளே பெட்ரோல் பற்றியெரிய, பிர்ச்சல் எப்படியோ விமானத்தைக் கடலில் இறக்கினார். குழுவில் ஒருவரான, கால் துண்டிக்கப்பட்ட கொலரோஸி விமானத்தோடு மூழ்கினார். மற்ற எட்டுப் பேர் தண்ணீருக்குள் குதித்தார்கள். மேலிருந்து சுடச் சுட, ஆறு பேர் மூழ்கி மூழ்கித் தப்பினார்கள். டேவிட்சனும் ஹென்செலும் மயங்கிக் கிடந்தார்கள். மிதவை உடுப்பு அவர்களை மூழ்கவிடவில்லை. அவர்கள் இருவரும் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மிச்சம் ஆறு பேரை இசோகாஸே என்ற நாசகாரிக் கப்பல் தூக்கியெடுத்தது.

செய்தி அனுப்பினாயா என்று அடித்துக் கேட்டார்கள். இல்லை என்று சாதித்தார்கள். அந்நேரம் பார்த்து, ‘உங்கள் செய்தியைத் திரும்ப அனுப்புங்கள்’ என்று கொழும்பு ரேடியோவில் கேட்க, அதை ஜப்பானியர்களும் கேட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அடி இன்னும் பலமாக விழுந்தது. ஆறு பேரும் 1945 வரை ஜப்பானில் கைதிகளாக இருந்தார்கள். முகாமில் நோயாளிகளை வேலைக்கு விரட்டுவதை எதிர்த்து நின்றதற்காகப் பிர்ச்சலுக்குப் பின்னால் பட்டமும் கிடைத்தது. 2004இல், 89ஆம் வயதில் காலமானார்.

‘இலங்கையைக் காத்தவர்’ என்று அவரைக் கொண்டாடுவார்கள். அந்தப் பட்டத்தில் பாதிதான் உண்மை என்பது என் கட்சி. எச்சரிக்கை கிடைத்த இரவே கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல்களைக் கிளப்ப முடிந்தது நிஜம். ஆனாலும் மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை கொழும்பு தயாராக இல்லை. அந்த இரவு துறைமுகத்தை விட்டு வெளியேறிய கார்ன்வால், டார்செட்ஷையர் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை மறுநாள் மதியம் நடுக்கடலில் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9ஆம் தேதி திருகோணமலை குண்டுவீச்சுக்கு ஆளானது. அதே நாள் 413இன் இன்னொரு கேட்டலீனா அதே கப்பற்படையைக் கண்டுபிடித்தது. ரே தாமஸ் தலைமையிலான அந்தக் குழுவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. இவர்களுக்குச் சூட்ட யாரும் பட்டம் தேடவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அன்றுதான். ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் அதை இன்றைக்கும் முக்குளிப்பவர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை ஆடிப்போனது. அரசு அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாற்றினார்கள், சனங்கள் கிடைத்த ரயிலில் ஏறி ஊருக்குப் போனார்கள், மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டார்கள். எதிரிக் கப்பற்படை எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் அந்தப் பீதியின் வேர். திருகோணமலையைத் தாக்கியபின் நாகுமோவின் கப்பல்கள் கிழக்கே திரும்பிப் போய்விட்டன. வங்கக் கடலைப் பார்த்துச் சொல்ல ஆள் போதவில்லை.

அதனால் வந்ததுதான் ரெட்ஹில்ஸ் லேக். மார்ச் 23இலேயே அந்தமான் ஜப்பான் கைக்குப் போய்விட்டிருந்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 1,360 கிலோமீட்டர். கேட்டலீனாவின் வேகத்தில் போக ஏழு மணி நேரம், வர ஏழு. அதற்குப் பிறகும் தொட்டியில் பெட்ரோல் மிச்சம் இருக்கும். கப்பல் கூட்டங்களுக்குக் காவல், நீர்மூழ்கி வேட்டை, கடலில் விழுந்தவர்களைத் தேடுவது என்று பகல் வேலைகள். 1944 மார்ச்சில் இங்கே 628ஆவது ஸ்குவாட்ரன் என்று ஒன்று உருவானது. அதற்கு உளவு சம்பந்தப்பட்ட ரகசிய வேலைகள். தண்ணீரில் இறங்கத் தெரிந்த விமானத்துக்கு எதிரியின் கரையோரத்தில் ஆளை இறக்க விமானத்தளம் வேண்டாமல்லவா. அக்டோபரில் அதையும் 240இலேயே கரைத்துவிட்டார்கள். 1945இல் 240க்கு நாலு எஞ்சின் சண்டர்லாண்டு பறக்கும் படகுகள் வந்தன. 1946 ஜனவரியில் ஸ்குவாட்ரன் கொக்கலைக்கு மாறியது. ஏரி மறுபடி குடிநீர் ஏரி ஆனது. போர் நடந்த வருஷங்களிலும் நகரம் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

வங்கக் கடலைப் பார்க்கும் வேலை மட்டும் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து மேற்கே, அரக்கோணத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் இருந்த இடத்தில் 1992இல் கடற்படை ஐ.என்.எஸ். ராஜாளியைத் தொடங்கியது. ரஷ்யாவின் டி.யு. 142 விமானங்கள் 2017 வரை அங்கிருந்து பறந்தன. 2013 முதல் போயிங் பி-8ஐ. ஜெட் என்பதால் மணிக்கு 900 கிலோமீட்டர். பிர்ச்சல் பத்து மணி நேரத்தில் போன தூரத்தை இது இரண்டே கால் மணியில் போய்விடும். ஒரே மூச்சில் வானில் இருக்கும் நேரத்தில் மட்டும் 1935ஆம் வருஷத்துப் படகை இதனால் மிஞ்ச முடியவில்லை. ராடார், கடலுக்குள் வீசி ஒலி கேட்கும் மிதவைகள், கம்ப்யூட்டர் திரைகள் எல்லாம் உண்டு. இருந்தாலும் முன்பக்கத்தில் இடமும் வலமும் ஒவ்வொரு பெரிய ஜன்னல் வைத்திருக்கிறார்கள். திரையில் தெரிந்த புள்ளி மீன்பிடி படகா வேறொன்றா என்று, அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்துச் சொல்கிறார்.